"அப்பாவைக் கூட்டிட்டு வா": துப்பாக்கிக் கடையும் 20 வயதும்

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 20. கிரீன் கார்டு, டாலஸ் பக்கம் கல்லூரி. குறி பார்த்துச் சுடப் பழக, சின்னத் தோட்டா போடும் ஒரு .22 ரைஃபிள் வாங்கலாம் என்று மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். முதல் கடையில் இருபது நிமிடம் நின்றும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஐம்பது வயதுக்காரருக்கு உடனே உபசாரம். இரண்டாவது கடையில் கேள்வி மேல் கேள்வி: யாருக்கு, எதற்கு, எங்கே வைப்பாய், பணம் யாருடையது. மூன்றாவது கடையில் "அப்பாவைக் கூட்டிட்டு வா, அவர் பேரில் வாங்கிக்கொள்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். "இது வயதுப் பாகுபாடு இல்லையா, கேஸ் போட முடியுமா, இல்லை நான்தான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டேனா?" என்று கேட்கிறார்.

தம்பி, பதில் கொஞ்சம் நீளும். ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் மூன்று வருடம், சனி ஞாயிறுகளில் துப்பாக்கிக் கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். வார நாட்களில் எல்லாரையும் போலக் கம்ப்யூட்டர் வேலை. அதற்கு முன்னால் பல வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம், உங்களைப் போலவே முழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதனால் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் திட்டு உண்டு.

ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு மூன்று கடையிலும் நடந்தது ஒரே விஷயம் இல்லை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். சந்தேகப்படுவது துப்பாக்கிக் கடைக்காரரின் வேலை. அலட்சியப்படுத்துவது அவர் வேலை இல்லை. உங்கள் கதையில் நல்ல கடை எது என்று கேட்டால், நீங்கள் அதிகம் எரிச்சல்பட்டிருக்கும் அந்த இரண்டாவது கடைதான் என்பேன்.

கேஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் வாடிக்கையாளரை ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போது இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைத்தான் சொல்கிறது. வயது அந்தப் பட்டியலில் இல்லை. 1967இல் வந்த வயதுப் பாகுபாட்டுச் சட்டம் வேலை பார்ப்பவர்களுக்கானது, அதிலும் 40 வயதைத் தொட்டவர்களுக்கு. நீங்கள் இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும். சில மாநிலங்களில் கதை வேறு. ஆரிகன் மாநிலச் சட்டப்படி, 18 வயதானவரைக் கடையில் வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது. 2018 பிப்ரவரி 28 அன்று விளையாட்டுப் பொருள் விற்கும் டிக்ஸ் ஸ்போர்ட்டிங் கூட்ஸும் வால்மார்ட்டும் 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் துப்பாக்கி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. அடுத்த வாரமே ஆரிகனில் 20 வயது இளைஞர் ஒருவர் இரண்டு நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார். மிச்சிகனில் 18 வயதுக்காரர் ஒருவரும் அதே காரணத்துக்காக டிக்ஸ் மீது போட்டார். டெக்ஸஸில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. எனவே வக்கீல் செலவை மிச்சப்படுத்தி அந்தப் பணத்தில் தோட்டா வாங்குங்கள்.

(நிறத்தைப் பார்த்துச் செய்தார்களா என்பது தனிக் கேள்வி. நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.)

சரி, இரண்டாவது கடைக்கு வருவோம்.

1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள கடைக்காரர் ரைஃபிளும் ஷாட்கன்னும் 18 வயதானவருக்கு விற்கலாம். கைத்துப்பாக்கி என்றால் 21. தோட்டாவுக்கும் இதே கணக்குதான். இதில் ஒரு வேடிக்கை, .22 தோட்டா ரைஃபிளிலும் போகும், பிஸ்டலிலும் போகும். ஒரே டப்பா. 20 வயதுப் பையன் அந்த டப்பாவைக் கொண்டுவந்து வைத்தால் "ரைஃபிளுக்கா, பிஸ்டலுக்கா?" என்று நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். ரைஃபிளுக்கு என்று சொல்லி அது எனக்குத் திருப்தியாக இருந்தால் விற்கலாம், பிஸ்டலுக்கு என்றால் முடியாது. "எதற்கு?" என்று அவர்கள் கேட்டதில் பாதி இதுதான். மூக்கை நுழைப்பதாகத் தோன்றும். லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை அது.

2025 ஜனவரியில் ஐந்தாவது வட்டார அப்பீல் நீதிமன்றம், 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்குக் கடையில் கைத்துப்பாக்கி மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. டெக்ஸஸ் அந்த வட்டாரத்தில்தான் வருகிறது. அதே வருடம் ஜூனில் நான்காவது வட்டாரம், இல்லை, அந்தத் தடை செல்லும் என்று நேர் எதிராகச் சொன்னது. உங்கள் நண்பர்கள் யாராவது முதல் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வந்து "இப்போ 18 வயசுக்கே பிஸ்டல் கிடைக்கும்டா" என்பார்கள். பெரிய இடத்துச் சண்டை அது. அதை நம்பி உங்கள் ஊர்க் கடைக்காரர் தன் லைசென்ஸைப் பணயம் வைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரைஃபிள் பற்றித்தானே உங்கள் கேள்வி, அதில் குழப்பம் எதுவும் இல்லை. உங்களுக்கு விற்கலாம்.

ஆனால் விற்பதில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. டெக்ஸஸின் யுவால்டி ஊரில் நடந்த பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு 2022 ஜூன் மாதம் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி, வாங்குபவர் 21க்குக் கீழ் என்றால் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐயின் நிக்ஸ் பிரிவு கணினியைத் தட்டிப் பார்த்ததோடு நிற்காது. மைனராக இருந்த காலத்துக் குற்றப் பதிவோ மனநல உத்தரவோ இருக்கிறதா என்று மாநில அலுவலகங்களையும் உள்ளூர் போலீஸையும் கேட்கும். வழக்கமான காத்திருப்பு மூன்று வேலை நாள். சந்தேகம் வந்தால் இவர்களுக்கு அது பத்து வேலை நாள் வரை நீளும். நாற்பது வயதுக்காரர் வந்தால் பல நேரம் காப்பி ஆறுவதற்குள் "தொடரலாம்" என்று பதில் வந்துவிடும். உங்களுக்குப் பணம் வாங்கி, துப்பாக்கியைத் தனியே எடுத்துவைத்து, தினமும் பதில் வந்ததா என்று பார்த்து, பிறகு கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே மலிவான ரைஃபிளில் கிடைக்கும் லாபம் சொற்பம். சில கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு இந்தச் சோம்பலும் ஒரு காரணம். நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை.

"யார் பணம்?" என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது வேறு பயம். நம் ஊரில் பினாமி என்போமே, அதேதான். தகுதி இல்லாத ஒருவனுக்காகத் தகுதி உள்ள ஒருவன் தன் பெயரில் வாங்கித் தருவது. கடையில் வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தில் கேள்விப் பட்டியலில் முதலில் நிற்பதே "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்பதுதான். 2022 சட்டம் இந்தப் பினாமி வேலையைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. 15 வருடம் வரை சிறை.

கவுண்டரில் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு மில்வாக்கியில் நடந்தது. 2009இல் பேட்ஜர் கன்ஸ் என்ற கடைக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருவனுக்கு 21, இன்னொருவனுக்கு 18. எந்தக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று காட்டியவன் 18 வயதுக்காரன். படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் 21 வயதுக்காரன், அதற்குக் கூலி 40 டாலர். கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. சில வாரம் கழித்து அந்த 18 வயதுக்காரன் இரண்டு போலீஸ்காரர்களை முகத்தில் சுட்டான். இருவரும் பிழைத்தார்கள், ஆனால் ஒருவருக்கு ஒரு கண்ணும் மூளையின் ஒரு பகுதியும் போயிற்று. 2015இல் ஜூரி அந்தக் கடை ஏறக்குறைய 60 லட்சம் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. துப்பாக்கி வியாபாரிகள் மீது வழக்குப் போடுவதையே கடினமாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதையும் தாண்டி வந்த தீர்ப்பு இது. கண்ணுக்கு முன்னால் நடப்பதைப் பார்க்காதது போல இருந்தால் சட்டம் காப்பாற்றாது என்பது அன்றைக்குத் தெளிவானது.

இது தெரிந்த பிறகு ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை மதியம், மூன்று கல்லூரிப் பையன்கள் கடைக்குள் வருகிறார்கள். ஒருவன் "இதை எடுடா" என்கிறான். இன்னொருவன் போனில் யாரிடமோ மாடல் நம்பர் கேட்கிறான். மூன்றாமவன் பர்ஸை எடுக்கிறான். அவர்கள் நண்பனின் பிறந்த நாளுக்குக் காசு போடுகிறவர்களாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கவுண்டரில் நின்ற எனக்கு மில்வாக்கிதான் தெரியும். 2006இல் நியூயார்க் நகர நிர்வாகம் இப்படி நடிக்கவே ஆட்களை அனுப்பியது. ஆண் ஒருவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பார், கூட வந்த பெண் படிவம் நிரப்புவார். ஐந்து மாநிலங்களில் விற்ற 15 கடைகள் மீது வழக்குப் பாய்ந்தது. எதிரில் நிற்பவர் வாங்க வந்தவரா, பினாமியா, சோதிக்க வந்தவரா என்று தெரியாமல் நிற்பவனிடம் மலர்ந்த முகம் எதிர்பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

அப்புறம் யுவால்டி. டெக்ஸஸ் கடைக்காரர்கள் வாய்விட்டுப் பேசாத பெயர் இது. அந்தக் கொலைகாரனுக்கு 2022 மே 16 அன்று 18 வயது முடிந்தது. 17ஆம் தேதி ஒரு ரைஃபிள், 20ஆம் தேதி இன்னொன்று. எல்லாம் சட்டப்படி, பேக்ரவுண்ட் செக் முடிந்து. 24ஆம் தேதி 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். டெக்ஸஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கையில் அந்தக் கடை பற்றியும் வருகிறது. உரிமையாளருக்கு அவன் சாதாரண வாடிக்கையாளராகத்தான் தெரிந்திருக்கிறான். தனியாக வந்தான், அதிகம் பேசவில்லை. இந்த வயதில் இவ்வளவு பணம் ஏது என்று கேட்டிருக்கிறார், சேர்த்து வைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். அன்று கடையில் இருந்த வேறு வாடிக்கையாளர்கள் பிறகு எஃப்பிஐயிடம், பையன் பதற்றமாக இருந்தான், பார்த்தாலே சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நடந்து முடிந்த பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லலாம். ஆனாலும் நான் அந்தப் பக்கத்தைப் படித்த வாரம், தனியாக, அமைதியாக, ரொக்கத்தோடு வந்த ஒவ்வொரு பையனையும் ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தேன். அதற்காக வெட்கப்படவில்லை.

இன்னொரு பயமும் உண்டு, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2009இல் நியூ ஹாம்ப்ஷையரில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்திலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கடைக்காரர் உடைந்துபோனார். பிறகு பொதுச் சுகாதாரத் துறையினரோடு சேர்ந்து, கடைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு திட்டமே உருவாக்கினார்கள். துப்பாக்கி பற்றி எதுவும் தெரியாமல், எதுவும் கேட்காமல், "எதுவாக இருந்தாலும் சரி, இன்றைக்கே வேண்டும்" என்பவர். பராமரிப்பு பற்றியோ, எங்கே பூட்டி வைப்பது என்பது பற்றியோ அக்கறையே இல்லாதவர். தோட்டா ஒரு டப்பாகூட வேண்டாம், கொஞ்சம் போதும் என்பவர். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். "எங்கே வைப்பாய்?" என்று உங்களைக் கேட்டாரே, அவர் இந்தப் பாடம் படித்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். "ஹாஸ்டல் ரூம்ல கட்டிலுக்கு அடியில" என்று பதில் வந்திருந்தால் நானும் விற்றிருக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு கடைக்காரர்கள் பக்கமே சாய்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வயது ஒரு மோசமான தராசு. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் இசைக் கச்சேரிக் கூட்டத்தைச் சுட்டவனுக்கு வயது 64. மாதக்கணக்கில் கடை கடையாகத் துப்பாக்கி வாங்கியவன். எத்தனை கவுண்டரில் அவனுக்கு "வாங்க சார்" என்று காப்பி கொடுத்திருப்பார்களோ. தற்கொலை விகிதம் இந்த நாட்டில் மிக அதிகமாக இருப்பது 75 வயது தாண்டிய ஆண்களிடம்தான், கல்லூரிப் பையன்களிடம் இல்லை. பினாமி விஷயமும் அப்படித்தான். பினாமியாக அனுப்பப்படுபவர் யார்? பார்த்தால் சந்தேகம் வராதவர். அதற்காகத்தானே அவரை அனுப்புகிறார்கள்! வயதை மட்டும் பார்த்துச் சந்தேகப்படும் கடைக்காரர், அதே வயதை மட்டும் பார்த்து நம்பவும் செய்கிறார். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

இப்போது மூன்றாவது கடை. "அப்பாவைக் கூட்டிட்டு வா, அவர் பேரில் வாங்கிக்கொள்."

இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது, ஆனால் உங்களுக்கு வந்த காரணத்தால் இல்லை. உங்களை அவமானப்படுத்தினார் என்பது ஒரு பக்கம். அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எது தெரியுமா? உங்கள் பணத்தில் உங்களுக்காக அப்பா தன் பெயரில் வாங்கினால், "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு அப்பா பொய்ப் பதில் எழுதுகிறார். நீங்கள் சொந்தமாக வாங்கத் தகுதி உள்ளவரா என்பது அங்கே பொருட்டே இல்லை. 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அப்ராம்ஸ்கி முன்னாள் போலீஸ்காரர். தனக்குச் சலுகை விலை கிடைக்கும் என்று மாமாவின் பணத்தில் ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தார். மாமாவும் தாராளமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான்.  ஆனாலும் 5க்கு 4 என்ற கணக்கில் குற்றம் உறுதியானது. அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கி உங்களுக்கு உண்மையான பரிசாகக் கொடுத்தால் அது சட்டப்படி சரி. நீங்கள் ஜீபேயில் போடுவது போல அப்பா கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு "பரிசு" என்று சொன்னால் அது பரிசு இல்லை. கவுண்டரில் நிற்கும் ஆளே இந்த வித்தியாசம் தெரியாமல் பேசுகிறார் என்றால், அந்தக் கடைக்கு நீங்கள் மறுபடியும் போக வேண்டாம். வயதைப் பார்த்து மட்டம் தட்டியவர், உங்கள் அப்பாவை மாட்டிவிடும் யோசனையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் கிரீன் கார்டு குடும்பத்துக்கு இப்படி ஒரு குற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒருவேளை அந்தக் கடையின் சொந்தக் கொள்கையே 21 வயதாக இருந்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. 2018இல் ஃப்ளோரிடாவில் நடந்த பார்க்லேண்ட் பள்ளிக் கொலைகளுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அப்படி மாறியதைத்தான் மேலே சொன்னேன். டிக்ஸ் அப்படி முடிவெடுத்ததற்கு ஒரு காரணம், அந்த 19 வயதுக் கொலைகாரனுக்குத் தங்கள் கடையே சில மாதம் முன்னால் சட்டப்படி ஒரு ஷாட்கன் விற்றிருந்தது என்று கண்டுபிடித்ததுதான். அவன் பள்ளிக்கு எடுத்துப்போனது அது இல்லை என்றாலும் அவர்களால் தூங்க முடியவில்லை. அப்படிக் கொள்கை இருந்தால் அதை வாசலில் எழுதி ஒட்டலாம், மரியாதையாகச் சொல்லலாம். சிரித்து அனுப்ப வேண்டியதில்லை.

கடைசியாக முதல் கடை. யாரும் திரும்பிப் பார்க்காத கடை.

இதற்குச் சட்டமும் காரணம் இல்லை, பயமும் காரணம் இல்லை. வெறும் அலட்சியம். தி.நகர் நகைக்கடையில் முதலில் செருப்பைப் பார்ப்பார்களே, அதே பார்வை. இந்தப் பையன் வாங்க மாட்டான், நாலு துப்பாக்கியை எடுத்துப் பார்த்து, படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுவான் என்று ஒரு முன்முடிவு. சனிக்கிழமைகளில் அப்படி வருகிறவர்கள் நிறைய என்பது உண்மைதான். பெண்களுக்கும் இதே கதை. மனைவி தனக்கு வாங்க வந்திருப்பார், கடைக்காரர் பதிலை எல்லாம் கணவனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நானும் செய்திருக்கிறேன். என் இரண்டாவது வருடத்தில் ஒரு பெண் வந்தாள், 18 அல்லது 19 இருக்கும். வரிசையில் இருந்த ஷாட்கன்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஒரு பெரியவரிடம் மான் வேட்டைக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துப் போய், "இது உனக்குத் தோளில் உதைக்குமே, இதை எடுத்துக்கொள்" என்று ஒரு சின்ன 20 கேஜ் துப்பாக்கியைக் காட்டினேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தேவையான குழல் நீளம், கட்டையின் அளவு, வாய்க்குறுக்கம் எல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஃபோர்-ஹெச் என்ற சிறுவர் சங்கத்தின் அணியில் ஏழு வருடமாகக் களிமண் தட்டு சுடுகிறவளாம். அந்த வாரம் மட்டும் அவள் சுட்டிருக்கும் தோட்டாக்களை நான் அந்த வருடம் முழுக்கச் சுட்டிருக்க மாட்டேன். அவள் கேட்ட மாடல் எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் வாங்கியிருப்பாளா என்பது சந்தேகம். அவள் போன பிறகு, மான் கதை சொன்ன பெரியவரை அனுப்பிவைக்கத் திரும்பினால், அவர் துப்பாக்கிக் குழலை என் வயிற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

டெக்ஸஸ் வேட்டைச் சட்டத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்குப் போக வேண்டுமானால் பாதுகாப்புப் படிப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு விலக்கு. ஆக, கவுண்டரில் ராஜ மரியாதை வாங்கும் பெரியவர் படிக்காத பாடத்தை, அவருக்குப் பின்னால் பத்து நிமிடம் காத்திருக்கும் பையன் படித்திருக்கக்கூடும்.

இதைச் சொன்னது உங்களுக்கும் ஒரு காரணத்துக்காகத்தான். அந்தச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். 17 வயதுக்கு மேல் என்றால் டெக்ஸஸில் ஆன்லைனிலேயே முடிக்கலாம், ஒரு மாலை நேரம் போதும். வேட்டைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. கவுண்டரில் அந்த அட்டையைப் பார்த்ததும் பேச்சின் தொனியே மாறும். சட்டம் கேட்காத அட்டைதான், ஆனால் கேட்கப்போகும் நாலு கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

தனியாகப் போங்கள், இல்லை துப்பாக்கி தெரிந்த ஒருவரோடு போங்கள். நண்பர்கள் பட்டாளத்தோடு வேண்டாம். வார நாளில் காலையில் போனால் கடை காலியாக இருக்கும், பேசுவதற்கு ஆளும் இருப்பார்கள். என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ".22 ரைஃபிள், ரேஞ்சில் பழக, ரூகர் 10/22 மாதிரி" என்றால் போதும். 1964 முதல் விற்கும் துப்பாக்கி அது, அந்தப் பெயரைக் கேட்டுச் சந்தேகப்படும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. கையில் வாங்கியதும் அவர் காலி என்று காட்டியிருந்தாலும் நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள். குழல் முனை எந்த மனிதரையும் பார்க்காமல் தரையையோ ஆளில்லாத சுவரையோ பார்க்கட்டும். விரல் விசைக்கு வெளியே நீட்டி இருக்கட்டும். வெறுமனே விசையை இழுத்துப் பார்க்க ஆசை என்றால் கேட்டுவிட்டு இழுங்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் முதல் பத்து விநாடியில் பார்ப்பது இதைத்தான். வயதை மறக்கவைப்பதும் இதுதான். விளையாட்டுக்குக்கூட "யாரையாவது போடணும்" என்கிற மாதிரி ஜோக் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தோடு வியாபாரம் முடிந்துவிடும், முடியத்தான் வேண்டும்.

விற்க மறுத்தால் காரணம் கேளுங்கள், வாதாட வேண்டாம். கடைக்காரர் மறுப்பது உங்கள் பெயரில் எங்கும் பதிவாகாது. அடுத்த கடையில் புதிதாக ஆரம்பிக்கலாம். நிக்ஸ் "மறுப்பு" என்று சொன்னால் மட்டும் அது வேறு விஷயம், அதற்கு எஃப்பிஐயிடமே முறையீடு செய்ய வழி இருக்கிறது. "தாமதம்" என்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் வயதில் அது சகஜம்.

இதைப் படிக்கும் மற்ற தம்பி தங்கைகளுக்கு ஒன்று, ஏனென்றால் இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் தெரியாமல் காலை விடுகிறார்கள். கேள்வி கேட்டவருக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, அவருக்குப் பிரச்சினை இல்லை. எஃப்-1, ஹெச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டும் இல்லை, கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதில் முக்கியமானது. வாரக் கடைசியில் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டுப் படம் போடும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அங்கே ஒரு ஆள் "எந்த விசா?" என்று கேட்டால் அவரை இனவெறியர் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். சுடும் ஆசை தீர வேண்டும் என்றால் காற்றுத் துப்பாக்கி வாங்கலாம், மத்தியச் சட்டத்தின் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை. நியூ ஜெர்சி மாதிரிச் சில மாநிலங்கள் அதையும் துப்பாக்கியாகத்தான் பார்க்கும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

திரும்ப உங்களிடமே வருகிறேன். டிரைவிங் லைசென்ஸில் எந்த முகவரி இருக்கிறது? மாணவர்கள் வெறும் கையோடு திரும்புவதற்கு நான் பார்த்த முதல் காரணம் வயது இல்லை, இதுதான். படிவத்தில் இப்போது குடியிருக்கும் முகவரியை எழுத வேண்டும், அடையாள அட்டையிலும் அதே இருக்க வேண்டும். லைசென்ஸில் அப்பா அம்மா வீட்டு முகவரி, குடியிருப்பது கல்லூரி பக்கத்து அபார்ட்மென்ட் என்றால் கடைக்காரர் விற்க முடியாது. கார் பதிவுச் சீட்டு மாதிரி அரசாங்கம் கொடுத்த வேறு ஒரு காகிதத்தில் புது முகவரி இருந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ செல்லாது. கிரீன் கார்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் காலையில் அந்த இரண்டாவது கடைக்கே போங்கள். அன்று உங்களைக் கேள்வி கேட்டவர் இருந்தால், அவரிடமே வாங்குங்கள்.